பூச்சி மாத்திரை: கடையில நின்னு கேட்ட கேள்விங்க, நான் சொல்ற பதில்

ரங்கூன்ல தாமுவே பக்கம் ஒரு மருந்துக்கடையில பதினாறு வருஷம் நின்னவ நான். டாக்டர் இல்ல, சீட்டப் பாத்து மருந்து எடுத்துக் குடுக்கிறவ, அவ்வளவுதான். ஜூன் மாசம் மழை பிடிச்சு ஸ்கூல் திறந்துட்டா போதும், நம்ம ஆளுங்க வரிசையா வந்து "அக்கா பூச்சி மாத்திரை ஒண்ணு குடுங்க"ன்னு நிப்பாங்க, எந்தப் பூச்சி, யாருக்கு, புள்ளைக்கு எத்தன வயசு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பர்மாக்காரங்களும் அப்படித்தான், "தான்ச்சா சே ஒண்ணு"ன்னு காச நீட்டுவாங்க. அப்புறம் மூணு வாரம் கழிச்சு அதே ஆளு வந்து "நீங்க குடுத்தது வேலையே செய்யல"ன்னு சண்டை. அந்தச் சண்டை எல்லாத்தையும் சேத்துத்தான் இத எழுதறேன். கோயில் வகுப்புல கத்துக்கிட்ட தமிழ், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பூச்சி மாத்திரைன்னா ஒண்ணுதானே? எந்தப் பூச்சியா இருந்தாலும் அதுவே போதாதா?

போதாது. எல்லாக் குழப்பமும் இங்கதான் ஆரம்பிக்குது. கடையில நீங்க வாங்குறது பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இல்லைன்னா மெபெண்டசோல் (இது 100லயும் வரும், 500லயும் வரும்). ஜென்டெல்னு கேக்குறவங்க கேக்குறது அல்பெண்டசோல், வெர்மாக்ஸ்னு கேக்குறவங்க கேக்குறது மெபெண்டசோல். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனா குணம் ஒண்ணு இல்ல.

மண்புழு மாதிரி நீளமா வெள்ளையா வருமே உருண்டைப்புழு, அதுக்கு எதக் குடுத்தாலும் ஒரே மாத்திரையில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு சரியாயிடும். கொக்கிப்புழுன்னா கதை வேற. அல்பெண்டசோல் ஒரு டோஸ்ல நூத்துக்கு 80 பேருக்கு சரியாகுது, மெபெண்டசோல் ஒரு டோஸ்ல 30 பேரு சொச்சத்துக்குத்தான் சரியாகுது, அதனால வயல் வேலை செய்யிறவங்க வந்து கேட்டா நான் அல்பெண்டசோல்தான் எடுப்பேன். சாட்டைப்புழுன்னு ஒண்ணு இருக்கு, பெருங்குடல் சுவத்துல தலைய சொருகிக்கிட்டு உக்காந்திருக்கும், அதுக்கு ஒரே மாத்திரைன்னா அல்பெண்டசோல் 30 பேருக்கு, மெபெண்டசோல் 40 பேருக்கு. ரெண்டுமே பாஸ் மார்க் வாங்காது. அதுக்கு மூணு நாள் சேந்தாப்புல குடுக்கணும், அல்பெண்டசோல் தினம் 400, இல்ல மெபெண்டசோல் 100 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஐவர்மெக்டின சேத்துக் குடுத்தா இன்னும் நல்லா கேக்குது, உலக சுகாதார நிறுவனம் 2017லயே அந்த ஜோடிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துட்டாங்க, ஆனா அது டாக்டர் எழுதிக் குடுக்க வேண்டிய விஷயம்.

நாடாப்புழுவுக்கு மருந்தே வேற. உடம்புக்குள்ளயே பெருகுற நூல் மாதிரி புழுவுக்கும் மருந்து வேற. ரெண்டுத்தப் பத்தியும் கீழ தனியா சொல்றேன்.

மாத்திரை போட்டும் பூச்சி ஒண்ணுமே வெளிய வரலையே அக்கா?

வரணும்னு அவசியம் இல்ல. எங்க அப்பாயி காலத்துல விளக்கெண்ணெய் குடுத்து பேதி போக வெச்சு கையில குச்சி வெச்சுக்கிட்டு எண்ணிப் பாப்பாங்க, அந்த ஞாபகம் நம்ம ஆளுங்களுக்கு இன்னும் போகல. அல்பெண்டசோல், மெபெண்டசோல் ரெண்டும் புழு சக்கரைய உறிஞ்சுற வழிய அடைச்சுப் பட்டினி போட்டுக் கொல்லுது, அது ரெண்டு மூணு நாள் எடுக்கும், சின்னப் புழுவா இருந்தா செத்து கரைஞ்சு மலத்தோட கலந்து போயிடும், கண்ணுக்கே தெரியாது. உருண்டைப்புழு மட்டும் 20லேந்து 35 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், அது தெரியும். பைரன்டெல்னு ஒரு மருந்து இருக்கு, அது புழுவ விறைக்க வெச்சுடும், பிடி விட்டு வெளிய வந்துடும்.

வெளிய வந்தாத்தான் மருந்து வேலை செஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு மறுநாளே இன்னொண்ணு வாங்க வராதீங்க.

எந்த வயசுக்கு எவ்வளவு?

ஒரு வயசு ஆகாத புள்ளைக்கு கடையில வாங்கி எதையும் குடுக்காதீங்க. மெபெண்டசோல் குடுத்து கைக்குழந்தைக்கு வலிப்பு வந்ததா ரொம்ப அரிதா பதிவாகியிருக்கு. ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு வயசு வரைக்கும் அல்பெண்டசோல் 200, அதாவது அரை மாத்திரை. ரெண்டு வயசுக்கு மேல புள்ளைக்கும் 400தான், தாத்தாவுக்கும் 400தான். "புள்ள சின்னது, பாதி குடுக்கறேன்"னு அஞ்சு வயசுப் பையனுக்கு உடைச்சுக் குடுத்துட்டு அடுத்த பாதிய அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிற அம்மாங்கள நான் பாத்திருக்கேன். மெபெண்டசோல் 500 ஒண்ணு, ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் அதே அளவுதான்.

சின்னப் புள்ளைக்கு மாத்திரைய முழுசா வாயில போட்டு மூக்கப் புடிச்சு விழுங்க வைக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. பண்ணாதீங்க. தொண்டையில அடைச்சு மூச்சு போயிடும், இதுக்குன்னே உலக அளவுல எச்சரிக்கை குடுத்திருக்காங்க. நல்லா பொடி பண்ணி கொஞ்சம் தண்ணில கலந்து கரண்டில குடுங்க, புள்ள அழுதுக்கிட்டு இருந்தா அழுக நிக்கிற வரைக்கும் காத்திருங்க, அரை மணி நேரம் தள்ளிப் போனா பூச்சி ஒண்ணும் ஓடிப்போகாது.

எடைக்குத் தகுந்த அளவுன்னு எழுதியிருக்கே, எங்களுக்குப் பவுண்டுலதான தெரியும்?

நல்ல கேள்வி, இதுல ஒரு தடவ நானே மாட்டினேன். அல்பெண்டசோலுக்கு எடை வேணாம், ஆனா பைரன்டெல், ஐவர்மெக்டின், பிரசிகுவான்டெல் (நாடாப்புழு மருந்து) மூணுக்கும் எடை வேணும், அதுவும் கிலோவுல வேணும். நம்ம ஊருல யாருகிட்ட கேட்டாலும் உடம்பு எடைய பவுண்டுலதான் சொல்லுவாங்க. ஒரு அம்மா "பையன் முப்பத்து மூணு"ன்னாங்க, நான் கிலோன்னு எடுத்துக்கிட்டு பைரன்டெல் கணக்குப் போட்டுட்டேன், மாத்திரைய கவர்ல போடும்போது பையன் கடைக்கு வெளிய நிக்கிறதப் பாத்தேன், குச்சி மாதிரி மூணு வயசுப் புள்ள! 33 பவுண்டுன்னா 15 கிலோ. பைரன்டெல் கிலோவுக்கு 11 மில்லிகிராம்னா 165 வரணும், நான் போட்டது ரெண்டு மடங்குக்கு மேல. அன்னைக்கிலேந்து எடை கேட்டா கூடவே "பவுண்டா கிலோவா"ன்னு கேக்காம நான் கையெடுக்கிறதில்ல. பவுண்ட 2.2ஆல வகுத்தா கிலோ வந்துடும். பைரன்டெல் எவ்வளவு பெரிய ஆளுக்கும் 1 கிராமுக்கு மேல போகக் கூடாது.

வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா? அமாவாசை பாக்கணுமா?

அமாவாசையெல்லாம் வேணாம். குடல் பூச்சிக்கு அல்பெண்டசோல் எப்ப வேணா போடலாம், சாப்ட்டாலும் சாப்பிடாட்டியும் வித்தியாசம் இல்ல, ஏன்னா மருந்து குடல்லதான் வேலை செய்யணும், ரத்தத்துல ஏற வேண்டிய அவசியம் இல்ல. எண்ணெய்ச் சோறு சாப்ட்டுட்டுப் போட்டா ரத்தத்துல அஞ்சு மடங்கு வரைக்கும் ஏறும், அது மூளை, ஈரல்னு குடலுக்கு வெளிய இருக்கிற புழுவுக்கு வைத்தியம் பண்ணும்போதுதான் நல்லது. ஐவர்மெக்டின வெறும் வயித்துல தண்ணியோட போடச் சொல்லுவாங்க. பேதி மருந்து முன்னாடியும் வேணாம் பின்னாடியும் வேணாம்.

புள்ள ராத்திரி தூங்காம பின்பக்கம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. என்ன பூச்சி அது?

கீரிப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூலு துண்டு மாதிரி. பொட்டைப்பூச்சி ராத்திரில ஆசனவாய்க்கு வெளிய வந்து முட்டை போடும், அதான் அரிப்பு, புள்ள சொறியும், நகத்துல முட்டை ஏறும், காலைல அதே கைய வாயில வைக்கும், முடிஞ்சது, சக்கரம் திரும்ப சுத்த ஆரம்பிச்சுடும். பக்கத்துல படுத்திருக்கிற தங்கச்சி, போர்வை, தலகாணி, அம்மாவோட லுங்கி எல்லாத்துலயும் முட்டை. வீட்டுக்குள்ள ரெண்டு மூணு வாரம் வரைக்கும் அந்த முட்டை உயிரோட இருக்கும்.

இதுக்கு மலப் பரிசோதனை பண்ணி "இல்ல"ன்னு சொல்லிட்டாங்கன்னு நிறைய பேரு வருவாங்க. மலத்துல பெரும்பாலும் தெரியாது. காலைல எழுந்ததும், கழுவுறதுக்கு முன்னாடி, ஒட்டுற டேப்ப ஆசனவாய்ல ஒட்டி எடுத்து கண்ணாடித் துண்டுல ஒட்டி லேப்ல குடுக்கணும், மூணு நாள் சேந்தாப்புல பண்ணினா சரியா தெரியும். இல்லன்னா ராத்திரி புள்ள தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, கண்ணாலயே பாத்துடலாம்.

மருந்து சுலபம். மெபெண்டசோல் 100 ஒண்ணு, இல்ல அல்பெண்டசோல் 400 ஒண்ணு, இல்ல பைரன்டெல். ஆனா மூணு விஷயம் சேந்து நடக்கணும். ஒண்ணு, அன்னைக்கே வீட்ல இருக்கிற எல்லாருக்கும் குடுக்கணும், அரிப்பு இல்லாதவங்களுக்கும்தான், "எனக்கெல்லாம் பூச்சி கிடையாது"ன்னு முறைக்கிற மாமனாரையும் சேத்துத்தான் (மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்தை மட்டும் டாக்டர கேட்டுட்டு). ரெண்டு, சரியா ரெண்டு வாரம் கழிச்சு திரும்பவும் எல்லாருக்கும், ஏன்னா மாத்திரை பூச்சியத்தான் கொல்லும், முட்டைய கொல்லாது, அந்த முட்டையெல்லாம் பொரிச்சு வளந்து நிக்கிற நேரத்துல ரெண்டாவது அடி விழணும். மூணு, மருந்து குடுத்த மறுநாள் காலைல எல்லாரும் குளிச்சு, படுக்கைய சுடுதண்ணில துவைச்சு வெயில்ல போட்டு, நகத்த ஒட்ட வெட்டி விடணும். போர்வைய வீட்டுக்குள்ள உதறாதீங்க, முட்டை பறந்து சாப்பாட்டுல விழும்.

இந்த ரெண்டாவது டோஸ விடுறவங்கதான் அதிகம். நான் கடையில மாத்திரை கவர் மேலயே தேதிய எழுதிக் குடுப்பேன். அப்பவும் பாதி பேரு வர மாட்டாங்க.

போன மாசம்தான் குடுத்தேன், திரும்ப வந்துடுச்சு. மருந்து டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாவும் இருக்கலாம், மறுக்கல. இந்தியாவுலேந்தும் தாய்லாந்துலேந்தும் வர்ற சரக்கு நெறைய, பதிவு நம்பர் இல்லாம, அட்டையக் கிழிச்சு தனி மாத்திரையா பொட்டலத்துல விக்கிறத வாங்காதீங்க, அட்டையோட, தேதி தெரியிற மாதிரி வாங்குங்க. ஆனா என் அனுபவத்துல பத்துல எட்டு தடவ மருந்து மேல தப்பு இல்ல. பூச்சி போச்சு, புது முட்டை வாய்க்குள்ள போச்சு, அவ்வளவுதான். கக்கூஸ் குழி மழைல நிரம்பி வழியுது, புள்ளைங்க அந்தத் தண்ணில விளையாடுது, ஙப்பிக்குத் (புளிக்க வெச்ச மீன் விழுது) தொட்டுக்கிற பச்சைக் கீரைய ஒரு தடவ சும்மா அலசிட்டு வைக்கிறோம். ஒரு பொட்டை உருண்டைப்புழு ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை போடும். மாத்திரை என்ன பண்ணும் பாவம்.

இன்னொரு காரணமும் இருக்கு. உருண்டைப்புழு முட்டைய முழுங்கினா குஞ்சு நேரா குடல்ல தங்காது, ரத்தத்துல ஏறி நுரையீரலுக்குப் போயி, இருமலோட தொண்டைக்கு வந்து, எச்சில முழுங்கும்போது திரும்ப குடலுக்கு வந்துதான் வளரும். முட்டை போடுற அளவுக்கு வளர ரெண்டு மூணு மாசம் ஆகும். நீங்க மாத்திரை குடுக்கிற அன்னைக்கு நுரையீரல்ல சுத்திக்கிட்டு இருக்கிறது தப்பிச்சுடும். அதான் மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ குடுக்கிறதுல அர்த்தம் இருக்கு.

ஒரு விஷயம் நம்ம நாட்டுலயே கண்டுபிடிச்சது, சொல்லாம இருக்க முடியல. 1980கள்ல டாக்டர் தெய்ன் லைங்கும் அவரோட ஆளுங்களும் ஒக்போங்கற கிராமத்துல ஊருல இருக்கிறவங்களுக்கு மருந்து குடுத்து வெளிய வந்த உருண்டைப்புழுவ ஆளுக்கு எத்தனைன்னு எண்ணினாங்க. எல்லாருக்கும் சமமா இல்ல, கொஞ்சம் பேருகிட்டத்தான் ஊரு புழுவுல பெரும்பாதி இருந்துச்சு, மருந்து குடுத்து சுத்தம் பண்ணினப்புறம் திரும்ப அதிகமா பிடிச்சதும் பெரும்பாலும் அதே ஆளுங்களுக்குத்தான். உங்க வீட்லயும் ஒரு புள்ளைக்கு மட்டும் வந்துக்கிட்டே இருந்தா அதுக்குன்னு ஒரு சாபம் எதுவும் இல்ல, அந்தப் புள்ள எங்க விளையாடுது, எத வாயில வைக்குதுன்னு பாருங்க.

ரத்தம் கம்மின்னாங்க, டாக்டர் பூச்சி மாத்திரையும் எழுதியிருக்காரு. எதுக்கு?

நீங்க பெகு பக்கம் வயல் வேலைக்குப் போறவங்களா இருந்தா கொக்கிப்புழுவ நெனச்சுத்தான் எழுதியிருப்பாரு. இது பெரும்பாலும் வாய் வழியா வர்றதில்ல, ஈர மண்ணுல கெடந்து வெறுங்கால் தோல துளைச்சுக்கிட்டு ஏறும். குடல்ல கடிச்சுப் புடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லிதான் குடிக்குது, சின்ன ஜாதி அது, பெரிய ஜாதி ஒண்ணு 0.15லேந்து 0.2 வரைக்கும் குடிக்கும். சின்னதே ஒரு நூறு இருந்தா மாசத்துக்கு 90 மில்லி போச்சு. மூணு நாலு வருஷம் உள்ளயே உக்காந்திருக்கும். மூச்சு வாங்குது, மூஞ்சி வெளுத்துப் போச்சுன்னு டானிக் வாங்கிக் குடிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துற கதைதான்.

அல்பெண்டசோல் 400 ஒண்ணு, ரொம்ப அதிகமா இருந்தா மூணு நாள். அதோட நிக்காதீங்க, புழு போனா போன ரத்தம் தானா திரும்பாது, இரும்பு மாத்திரைய டாக்டர் சொல்ற வரைக்கும், கொறஞ்சது மூணு மாசம் சாப்பிடணும். லபெயே (பால் டீ) குடிச்சுக்கிட்டே இரும்பு மாத்திரைய முழுங்காதீங்க, டீ இரும்ப உடம்புல சேர விடாது, வெறும் பச்சை டீயும் அப்படித்தான், ரெண்டு மணி நேரம் விடுங்க.

சேந்தே வர்ற கேள்வி ஒண்ணு, பீலிக்கான் கோயிலுக்கு வெறுங்காலோட போறோமே, தீமிதில இறங்கறோமே, ஒட்டிக்குமான்னு. சிமெண்டுத் தரை, வெயில் காய்ற மணல், நெருப்பு, எதுலயும் அது பிழைக்காது. மலம் கலந்த, நிழலான, ஈரமான மண்ணு வேணும் அதுக்கு. தோட்டத்துக்குப் பின்னாடி ஒதுங்குற எடம், வாழைமரத்தடி, அங்க செருப்பு போட்டுக்கிட்டு போங்க, சாமிகிட்ட போகும்போது கழட்டிக்கலாம்.

மாசமா இருக்கேன், போடலாமா?

மொத மூணு மாசம் கூடவே கூடாது. அதுக்கப்புறம் தேவை இருந்தா டாக்டர் குடுப்பாங்க, கொக்கிப்புழுவால ரத்தம் கொறையிறது அம்மாவுக்கும் புள்ளைக்கும் இன்னும் ஆபத்து. தீட்டு தள்ளிப் போயிருக்கா இல்லையான்னு தெரியாம போட்டுட்டேன்னு அழுதுக்கிட்டு ரெண்டு பேரு வந்திருக்காங்க, ஒரு மாத்திரை போட்டதுக்காக யாரும் பயந்து எதையும் பண்ணிக்காதீங்க, ஆஸ்பத்திரில சொல்லுங்க, அவ்வளவுதான். பால் குடுக்கிறவங்க அல்பெண்டசோல், மெபெண்டசோல் போடலாம்.

மூட்டு வலிக்கு கடையில பொட்டலம் வாங்கிச் சாப்பிடறேன், அதுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலத்தான் படிப்பேன்னா இதப் படிங்க.

ஸ்ட்ராங்கிலாய்டஸ்னு ஒரு புழு இருக்கு. கொக்கிப்புழு மாதிரியே வெறுங்கால் வழியாத்தான் ஏறும், ஆனா மேல சொன்ன புழுவுக்கு இல்லாத ஒரு வித்தை இதுக்கு உண்டு, வெளிய போகாமலே உடம்புக்குள்ளயே குஞ்சு பொரிச்சு திரும்பத் திரும்ப ஏத்திக்கும். மருந்து குடுக்கலன்னா அம்பது வருஷம் கூட இருக்கும். சும்மா சொல்லல. 1942, 43ல ஜப்பான்காரன் போட்டானே தாய்லாந்துல பான் போங்லேந்து நம்ம தன்பியூசயாத் வரைக்கும் மரண ரயில், நம்ம தமிழாளுங்க ஆயிரக்கணக்குல மடிஞ்ச அதே பாதை, அதுல வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரக் கைதிங்க ஊருக்குத் திரும்பி முப்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் பரிசோதனை பண்ணினப்பவும் அந்தப் புழு அவங்க உடம்புல உயிரோட இருந்துச்சு. உயிர் தப்பி வீடு திரும்பின நம்ம தாத்தாங்களுக்கு எவன் பரிசோதனை பண்ணினான்.

பல பேருக்கு இது ஒரு தொந்தரவும் குடுக்காது, எப்பவாவது வயித்து வலி, பேதி, தொடையிலயோ இடுப்புலயோ கோடு மாதிரி ஓடுற அரிப்பு. உடம்போட எதிர்ப்பு சக்தி அத அடக்கி வெச்சிருக்கும். அந்த சக்திய அடக்குற மருந்து ஒண்ணு உள்ள போச்சுன்னா, குறிப்பா டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு, புழு லட்சக்கணக்குல பெருகி நுரையீரல், மூளைன்னு எல்லா எடத்துக்கும் கிளம்பிடும், குடல் கிருமியையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும், ஆளு பொழைக்கிறது கஷ்டம். மூட்டு வலிக்கு, உடம்பு தேறணும்னு, சின்னக் கடைங்கள்ல நாலஞ்சு கலர் மாத்திரைய கலந்து பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தர்றாங்களே, அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். சாப்ட்ட ரெண்டு நாள்ல வலி பறந்து போயி, நல்லா பசிச்சு, மூஞ்சி உப்பினா இருக்குன்னுதான் நான் எடுத்துப்பேன். வருஷக்கணக்கா சாப்பிடறவங்க பட்டுன்னு நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து, கவரோட டாக்டர்கிட்ட போங்க.

இந்தப் புழுவுக்கு அல்பெண்டசோல் ஒரு மாத்திரை போதாது. ஐவர்மெக்டின்தான், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஒரு நாளோ ரெண்டு நாளோ. 132 பவுண்டு, அதாவது 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 12 மில்லிகிராம், 3 மில்லிகிராம் மாத்திரைன்னா நாலு. 15 கிலோவுக்கு கீழ இருக்கிற புள்ளைக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் வழக்கமா குடுக்கிறதில்ல. கொரோனா நேரத்துல தேவையே இல்லாம எல்லாரும் வாங்கி அடுக்கி வெச்சாங்களே, அதே ஐவர்மெக்டின். அதோட மூலத்தக் கண்டுபிடிச்ச ஒமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015ல நோபல் பரிசு குடுத்தாங்க, புழு வைத்தியத்துக்காகத்தான் குடுத்தாங்க.

ஆஸ்துமா, தோல் வியாதி, சிறுநீரகம்னு எதுக்காவது டாக்டர் நெறைய நாளுக்கு ஸ்டீராய்டு எழுதினா, "நான் சின்ன வயசுல வயல்ல வெறுங்காலோட திரிஞ்சவன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாதாரண மலப் பரிசோதனைல இது தப்பிக்கும், ரத்தப் பரிசோதனையும் வேற முறை மலப் பரிசோதனையும் இருக்கு.

மலத்துல தட்டையா வெள்ளைப் பட்டை பட்டையா வருது.

நாடாப்புழு. நல்லா வேகாத பன்னிக்கறிலேந்தும் மாட்டுக்கறிலேந்தும் வர்றது. புளிக்க வெச்ச பன்னிக்கறிய வேக வைக்காம திங்கிற பழக்கம் இருக்கிறவங்க கவனமா இருங்க. மருந்து பிரசிகுவான்டெல், கிலோவுக்கு 5லேந்து 10 மில்லிகிராம், ஒரே தடவ, இல்லன்னா நிக்ளோசமைடு 2 கிராம்.

இத மட்டும் கடையில நீங்களா வாங்கிப் போடாதீங்க. பன்னி நாடாப்புழுவோட முட்டை வயித்துக்குள்ள போனா மூளைல போயி கட்டியா உக்காரும், வலிப்பு வரும். அப்படி ஒருத்தருக்கு தெரியாம பிரசிகுவான்டெலோ அல்பெண்டசோலோ குடுத்தா கட்டி செத்து வீங்கி நெலம மோசமாகும். வீட்ல யாருக்காவது காரணம் தெரியாம வலிப்பு, தீராத தலைவலி இருந்தா முதல்ல அதச் சொல்லுங்க. பச்சை முட்டைக்கோஸ் சாப்ட்டா மூளைல புழு ஏறும்னு சொல்றாங்களே, காய் மேல குத்தம் இல்ல, கழுவாத காய்ல ஒட்டியிருக்கிற மனுஷ மலத்து முட்டைதான் காரணம். பன்னிக்கறியே தொடாத வீட்லயும் அதனாலதான் வருது.

வேகாத ஆத்து மீன்ல ஈரல் புழுவும் உண்டு. அதுக்கும் பிரசிகுவான்டெல்தான், அளவு ரொம்ப அதிகம், பூச்சி மாத்திரை அத ஒண்ணும் பண்ணாது.

மாத்திரை போட்டதும் வயித்த வலிக்குது. ஒரு புள்ளைக்கு வாயிலேந்து புழு வந்துச்சாமே?

லேசா வயித்து வலி, குமட்டல், தலைவலி ஒரு நாள் இருக்கும், போயிடும். வாய், மூக்கு வழியா உருண்டைப்புழு வர்றது ரொம்ப அதிகமா இருக்கிற புள்ளைங்களுக்கு அரிதா நடக்கும், பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா பயப்படாம எடுத்துப் போட்டுடுங்க. பயப்பட வேண்டியது வேற. வயிறு உப்பி, வாந்தி பச்சையா எடுத்து, மலமும் காத்தும் போகாம இருந்தா புழு உருண்டையா சேந்து குடல அடைச்சிருக்கலாம், அப்ப ஒரு மாத்திரையும் குடுக்காம நேரா ஆஸ்பத்திரி. முடி கொட்டும், ஈரல் கெடும்னு சொல்றது மாசக்கணக்குல அல்பெண்டசோல் சாப்பிடறவங்களுக்கு வர்றது, ஒரு மாத்திரைக்கு இல்ல.

வேற மருந்தோட சேத்துப் போடலாமா?

மெபெண்டசோலோட மெட்ரோனிடசோல் சேக்காதீங்க. பேதின்னு வந்தா நம்ம ஊருல எல்லாரும் முதல்ல கை வைக்கிறது மெட்ரோனிடசோல்தான், ரெண்டும் சேந்து தோல் உரியிற மோசமான அலர்ஜி வந்ததா பதிவாகியிருக்கு. வலிப்புக்கு பெனிட்டாயின், கார்பமாசெபின் சாப்பிடறவங்களும் சொல்லிட்டு வாங்குங்க.

இனிப்பு தின்னா பூச்சி வருமா? தூக்கத்துல பல்லு நறநறன்னா பூச்சிதானே? பப்பாளி விதை?

இனிப்பால வராது, இனிப்புல உக்காந்த ஈ கால்ல ஒட்டிக்கிட்டு வர்ற முட்டையால வேணா வரலாம். பல்ல நறநறக்கிறதுக்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இல்ல, அதுக்காக மாசா மாசம் மாத்திரை குடுக்காதீங்க. பப்பாளி விதை, வேப்பங்கொழுந்து, குப்பைமேனி எல்லாம் எங்க வீட்லயும் குடுத்தாங்க, நானும் குடிச்சிருக்கேன், கசப்பு ஞாபகம் இருக்கு, பூச்சி போச்சான்னு ஞாபகம் இல்ல. கொக்கிப்புழுவால ரத்தம் போயிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அத நம்பி நாள கடத்தக் கூடாது.

ஸ்கூல்ல குடுத்துட்டாங்க, வீட்லயும் குடுக்கணுமா?

வேணாம், அதே மாத்திரைதான். ஊருல நூத்துக்கு 20 பேருக்கு மேல புழு இருந்தா வருஷம் ஒரு தடவ, 50க்கு மேல இருந்தா ரெண்டு தடவ எல்லாப் புள்ளைக்கும் குடுக்கணும்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. 2001லேந்து யானைக்காலுக்குன்னு வீடு வீடா வந்து மாத்திரை குடுத்தாங்களே, அதுலயும் டிஇசிங்கற யானைக்கால் மருந்தோட அல்பெண்டசோல் இருந்துச்சு, வாங்கி வெச்சுட்டு முழுங்காம குப்பைல போட்டவங்க ரெண்டு நோய்க்கும் வழி விட்டவங்க.

போயிடுச்சான்னு எப்பத் திரும்பப் பரிசோதிக்கிறது?

உருண்டை, கொக்கி, சாட்டை மூணுக்கும் ரெண்டு மூணு வாரம் கழிச்சு. நாடாப்புழுவுக்கு மூணு மாசம் கழிச்சு. மலத்த எடுத்தா சீக்கிரம் லேப்ல குடுத்துடுங்க, கொக்கிப்புழு முட்டை சீக்கிரம் கெட்டுடும், மத்தியானம் வரைக்கும் பையில வெச்சுக்கிட்டு சுத்தினா "இல்ல"ன்னுதான் வரும்.

நாய்க்கு வாங்கின பூச்சி மாத்திரை மிச்சம் இருக்கு, எங்களுக்கு ஆகுமா?

ஆகாது. நாய்க்கே குடுங்க, நாயோட கொக்கிப்புழுவும் உங்க கால்ல ஏறி தோலுக்கடியில பாம்பு மாதிரி ஊரும்.